ஒன்றரைத் தலைமுறை

(நம் மன்றத்தின் திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பெயரைப் பற்றியது. இரண்டு தலைமுறைகட்கு நடுவில் நிற்போரை எப்பெயரால் அழைப்பது, அப்பெயரை எவ்வாறு ஒலிப்பது என்பதே அது. 'விலையேற்றம் வானை முட்டும் நாளில் இதற்கென்று ஒரு கூட்டமா?' எனக் கேட்பார் கேட்கலாம். பெயரில்லாத பொருள் கணக்கில் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத மாந்தர்க்காக எவரும் வழக்குரைப்பதும் இல்லை. ஆகவே பெயரைப் பற்றிய பேச்சு மாந்தரைப் பற்றிய பேச்சேயாகும்.

என்னை மடக்கிய வினா

ஈராண்டுக்கு முன், கோடை விடுமுறையில், கனடா நாட்டிலிருந்து ஓர் அம்மையார் தம் மகளுடன் எங்கள் ஊருக்கு வந்திருந்தார். யாழ்ப்பாணத்திற் பிறந்தவர். 1983ஆம் ஆண்டின் கொடுமைக்குப் பின் அலையலையாய் நாடு கடந்த ஈழத்தமிழருள் ஒருவராய், ஒன்பதாம் அகவையில் தாயின் கைபற்றிக் கனடாவுக்குச் சென்றவர். இப்போது நாற்பதைத் தாண்டியவர். எங்கள் பள்ளி நூலகத்தைக் காண விரும்பினார், காட்டினேன். நான் தமிழாசிரியன் என்று அறிந்ததும் ஒரு வினா எழுப்பினார்:

"ஐயா, அம்மா முதலாந் தலைமுறை; என்ர மகள் இரண்டாந் தலைமுறை; அப்ப நான் ஆர்?"

முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருபவன் நான். சொல்லாக்கம் பற்றி மேடைதோறும் முழங்கியவன். சற்றும் எண்ணிப் பாராமல், "இடைத்தலைமுறை என்று சொல்லலாம் அம்மா" என்றேன். அவர் முகம் மலரவில்லை. "இடையில எண்டால், அங்கயும் இல்லை இங்கயும் இல்லை எண்டுதானே ஐயா?" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை. அம்மையார் என் கைக்கு மடல் முகவரியைத் தந்துவிட்டுப் போனார். அவ்வினா மட்டும் என்னுடனே தங்கிவிட்டது. அதற்கு விடை தேடிய கதையே இன்றைய உரை.

செய்தித்தாள் தரும் பெயர்கள்

முதலில், இக்காலச் செய்தித்தாள்களில் ஏதேனும் விடை கிட்டுமா என்று பார்த்தேன். அவற்றில் தலைமுறைப் பெயர்கட்குக் குறைவில்லை. ஆனால் அவை எத்தகைய பெயர்கள்?

2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நேபாள நாட்டில் இளைஞர் கிளர்ந்தெழுந்தனர். அந்நாட்டுத் தலைமையமைச்சர் பொறுப்பினின்று விலகினார். அக்கிளர்ச்சியை நம் செய்தித்தாள்கள் 'ஜென் இசட் போராட்டம்' என்றெழுதின. எங்கள் தெருவில் வாழும் முதியவர் ஒருவர் தாளைக் கையிற் பிடித்தபடி வந்து, "ஏன் ஐயா, புத்தத் துறவிகள் எல்லாம் தெருவில் இறங்கிவிட்டார்களா?" என்று என்னைக் கேட்டார். 'ஜென்' என்பதைச் சப்பானியப் புத்தநெறி ஒன்றன் பெயராக மட்டுமே அவர் அறிந்திருந்தார். நேபாளம் புத்தர் பிறந்த மண் என்பதையும் அறிந்திருந்தார். இரண்டையும் கூட்டிப் பொருள் கொண்டார். அவர்மேல் என்ன பிழை? தலைமுறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலசையை மட்டும் கிள்ளியெடுத்து, ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தை அதனோடு ஒட்டவைத்ததே அப்பெயர் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

அக்கடைசி எழுத்தின் ஒலிப்பிலும் ஒருமை இல்லை. ஆங்கிலேயர் அதனை ஒருவகையாகவும் அமெரிக்கர் வேறு வகையாகவும் ஒலிக்கின்றனர். ஆங்கிலேயரைப் பின்பற்றுவோர் 'இசட்' என்கின்றனர். அமெரிக்கர் ஒலிப்பை நம் எழுத்திற் பெயர்த்தாலோ 'சீ' என்றாகிறது. வளரும் பிள்ளைகளை விளிப்பதற்கு நம் மொழியில் இதனினும் இழிந்த ஒலி உண்டோ?

இனி, இடைப்பட்டார்க்கு அவர்கள் இட்ட பெயரைக் காண்க. கனடா எழுத்தாளர் தக்ளசு கூப்பிலாண்டு 1991இல் எழுதிய புதினம் 'எக்சு' என்னும் எழுத்தை ஒரு தலைமுறைக்குப் பெயராகப் பரப்பியது. அடுத்து வந்தோர்க்கு ஆயிரமாண்டு என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து 'மில்லினியல்' என்னும் பெயர் அமைந்தது. இவ்விரண்டற்கும் நடுவில், ஏறத்தாழ 1977 முதல் 1983 வரை பிறந்தவர்க்கு, 2014இல் அமெரிக்க இதழொன்று ஒரு பெயரை வெளியிட்டது. பின்னதன் தலையெழுத்தை நீக்கி முன்னதன் எழுத்தை அங்கே நட்டுவைத்த பெயர் அது. எழுதும்போது அதன் முதலில் நிற்பது 'எக்சு'. ஒலிக்கும்போதோ 'இசட்' எழுத்தின் ஒலி! கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களின் முதலில் அவ்வெழுத்து நின்றால் ஆங்கிலேயர் அவ்வாறே ஒலிப்பர். அது அவர்கள் மரபு. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் நம்மவர் அதனை அப்படியே பெயர்த்தெழுதப் புகுந்து, ஒருவர் 'ஜென்னியல்' என்றும் மற்றொருவர் 'க்ஸென்னியல்' என்றும் எழுதினால், படிக்கும் தமிழ்ப் பிள்ளை எதனை ஒலிக்கும்? மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது என்பதை ஆறாம் வகுப்பில் நாம் கற்பிக்கின்றோம். ஏழாம் வகுப்பில் அவன் செய்தித்தாளைப் படித்து அதை மறந்துவிடுகின்றான்.

மொழிக்கு முதலாகும் எழுத்துகள் இவையெனத் தொல்காப்பியர் வரையறுத்தார். வடசொல் வந்து வழங்குமிடத்தும் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் இயையுமாறு கொள்க என்றார். அயற்சொல்லைத் தீண்டற்க என்று அவர் கூறவில்லை. நம் நாவுக்கு ஏற்பக் கொள்க என்றே கூறினார். நாவால் ஒலிக்க வாராத பெயர் வீட்டில் வழங்காது. வீட்டில் வழங்காத பெயர் தலைமுறைக்குப் பெயராதல் எப்படி?

ஆண்டுக்கணக்கும் தலைமுறைக் கணக்கும்

ஒலிப்பைக் காட்டிலும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. இப்பெயர்கள் யாருடைய வாழ்க்கையை அளந்து வெட்டப்பட்டவை? இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்கப் படைஞர் வீடு திரும்பியபின், அந்நாட்டிற் பிள்ளைப்பேறு பெருகிற்று. 1946 முதல் 1964 வரை பிறந்தோரை அப்பெருக்கத்தின் பெயரால் அவர்கள் அழைத்தனர். அது அவர்கட்குப் பொருந்தும். அங்குத் தொடங்கிய கோட்டை இழுத்துக்கொண்டே வந்து, 1981 முதல் 1996 வரை ஒரு கூட்டம், 1997 முதல் மறு கூட்டம் என்று அந்நாட்டுப் பியூ ஆய்வு நடுவம் வரையறுத்தது. அவ்வரையறையைக் கைவிடுமாறு 2021இல் மக்கள்தொகையியல், குமுகவியல் அறிஞர் நூற்றைம்பதின்மர்க்கு மேற்பட்டோர் அந்நடுவத்துக்குத் திறந்த மடல் எழுதினர். 2023இல் அந்நடுவமே, இனி இப்பெயர்களை விழிப்புடன்தான் ஆள்வோம் என்று அறிவித்தது. பெயரைப் பெற்ற வீட்டிலேயே அதற்கு ஐயம் பிறந்துவிட்டது. நாமோ அதைத் தலையில் தூக்கி ஆடுகின்றோம்!

நம் மண்ணில் ஓரகவையரை இரு கூறாக்கிய ஆண்டு எது? 1995ஆம் ஆண்டு சூலைத் திங்களின் இறுதியில் இந்தியாவில் முதல் கைப்பேசி உரையாடல் நிகழ்ந்தது. அடுத்த திங்களில் பொதுமக்கட்கு இணையம் திறந்துவிடப்பட்டது. வரப்பு போடவேண்டுமாயின் நம் வரப்பு அங்கேதான் விழவேண்டும். அதுவும் நகரத்தார்க்கு, சிற்றூர்க்கு இன்னும் பத்தாண்டு தள்ளி. முல்லைத்தீவிற் பிறந்தவனுக்கோ 2009 என்னும் ஒரே ஆண்டுதான் வரப்பு. அதன் முன் பிறந்தவன், பின் பிறந்தவன் என்னும் வேறுபாட்டை எந்த அமெரிக்க எழுத்து அளக்கும்?

தலைமுறை என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். தலை என்பது ஆள். முறை என்பது வரிசை, உறவு. ஆள்கள் ஒருவர்பின் ஒருவராய் வரும் வரிசையே தலைமுறை. பாட்டன், தந்தை, மகன் என்று உறவால் எண்ணுவது அது. பிறந்த ஆண்டால் மட்டும் ஒன்றுசேர்வோர் ஓரகவையர். அவரைத் தலைமுறை என்பது முற்றும் பொருந்தாது. ஆங்கிலத்தில் இரண்டற்கும் ஒரே சொல் இருப்பதால் அவர்கட்கு அக்குழப்பம் நேர்ந்தது. நமக்கு நேரவேண்டிய கரணியம் இல்லை. கனடாவிலிருந்து வந்த அம்மையார் கேட்டது பிறந்த ஆண்டைப் பற்றி அன்று. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் தம் இடத்தைக் கேட்டார். அது தலைமுறை வினா.

பூம்பிஞ்சும் செங்காயும்

இடைநிலைக்குப் பெயரிடுதல் நம் மொழிக்குப் புதிதா? மொழிஞாயிறு பாவாணர் தமிழ்ச் சொல்வளம் பற்றி எழுதிய கட்டுரையைப் பத்தாம் வகுப்பிற்கு நடத்தி வருகின்றேன். அதில் பூம்பிஞ்சு என்னும் சொல் வருகிறது. பூவும் கழியாமல், பிஞ்சும் ஆகி நிற்கும் நிலைக்கு அது பெயர். ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் கடந்துபோன சொல்தான். அம்மையார் கேட்டபின்னரே அச்சொல்லின் அருமை எனக்குப் புலப்பட்டது. பூ முடிந்தது, பிஞ்சு தொடங்கவில்லை என்று நம் முன்னோர் அந்நிலையை இரண்டுமற்றதாகக் காணவில்லை. பூவும் உண்டு, பிஞ்சும் உண்டு என்று இரண்டும் உடையதாகக் கண்டனர்.

காய்க்கும் பழத்துக்கும் நடுவில் நிற்பது செங்காய். கன்றுக்கும் பசுவுக்கும் நடுவில் நிற்பது கிடாரி. சிறுமிக்கும் மங்கைக்கும் நடுவில் நிற்பவள் பெதும்பை. இவற்றுள் ஒன்றேனும் 'இல்லை' என்னும் பொருளில் அமைந்ததா? உழவனுக்கும் ஆயனுக்கும் அந்நிலை வேறொரு கவனத்தை வேண்டுவது. ஆதலால் தனிப்பெயர் கொடுத்தனர். செங்காயைப் பழமென்று எண்ணிப் பறித்தால் புளிக்கும்; காயென்று எண்ணி விட்டுவைத்தால் பறவை கொத்தும். பெயர் என்பது காப்பு. நான் அம்மையார்க்குச் சொன்ன 'இடைத்தலைமுறை' ஏன் அவர் உள்ளத்திற் பொருந்தவில்லை என்பது அப்போது விளங்கிற்று. அதில் அவர் நின்ற இடம் இருந்தது. அவரிடம் இருந்தது எதுவென்று இல்லை.

நிசேயும் கிபேயும்

நாடு கடந்து வாழ்ந்த பிற மக்கள் என் செய்தனர் என்று தேடினேன். சப்பானியர் தம் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்றபோது தம் தலைமுறைகட்குத் தம் மொழியின் எண்ணுப் பெயராலேயே பெயரிட்டனர். சென்றவர் முதல் சே. அங்கே பிறந்த பிள்ளைகள் நிசே. நி என்றால் இரண்டு. சே என்றால் தலைமுறை. இன்று ஆங்கில அகரமுதலிகளிலும் அச்சொல் ஏறிவிட்டது. பெயரிட்டவர் சப்பானியர், கற்றுக்கொண்டவர் ஆங்கிலேயர்! இன்னொன்றும் காண்க. நிசே என்பதை நம் எழுத்தில் எழுதினால், உயிர்கட்கு இடைப்பட்ட தனிச் சகரம் மெலிந்தொலிக்கும் நம் இயல்பால், சப்பானிய ஒலி தானே வந்து அமைகிறது. அயலெழுத்து ஒன்றும் வேண்டுவதில்லை.

அவர்களிடையேயும் இடைப்பட்டார் இருந்தனர். அமெரிக்காவிற் பிறந்து, கல்விக்காகச் சப்பானுக்கு அனுப்பப்பெற்று, மீண்டும் அமெரிக்காவுக்கு வந்தவர்கள். அவரைக் கிபே என்றனர். கி என்பது திரும்புதல். பே என்பது அமெரிக்காவைச் சுட்ட அவர்கள் எழுதும் எழுத்து. இப்பெயரைச் சுமந்தோர் பட்ட பாட்டைக் கேளுங்கள். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அமெரிக்க அரசாணை ஒன்றால், மேலைக் கடற்கரையில் வாழ்ந்த சப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலை இழந்து முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். அவருள் மூன்றிலிரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அவருள்ளும் பெரிதும் ஐயுறப்பட்டோர் கிபேயர். சப்பானிய மொழியை நன்கறிந்ததே அவர் குற்றமாயிற்று. அதே காலத்தில், அதே அரசின் படை, பகைவர் மொழியை அறிந்தோரைத் தேடி 1941 நவம்பரில் ஒரு கமுக்க மொழிப்பள்ளியைத் தொடங்கியிருந்தது. அங்கே மிகவும் தேவைப்பட்டோரும் கிபேயரே! எந்த மொழிக்காக அடைத்தனரோ, அந்த மொழிக்காகவே அழைத்தனர். நடந்தது பிழையென்று அமெரிக்க அரசு 1988இல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தவர்க்கு இழப்பீடும் வழங்கியது. தம்மைத் தாமே பெயரிட்டு, எண்ணிவைத்து, எவர் எங்கே அடைக்கப்பட்டார் என்று கணக்குக் கேட்ட மக்களாதலால் அம்மன்னிப்பு அவர்கட்குக் கிடைத்தது என்பது என் துணிபு.

நாமிட்ட பெயர்

கிபே என்னும் சொல்லைப் படித்தபோது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் கடந்துபோனால் இவ்வுரை நேர்மையுடையதாகாது.

இலங்கையின் மலைத்தோட்டங்களில் உழைத்த தமிழரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள், இந்தியத் தலைமையமைச்சர் சாத்திரியாரும் இலங்கைத் தலைமையமைச்சர் சிறிமாவோ அம்மையாரும் ஓர் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்று ஆட்டு மந்தையைப் பிரிப்பதுபோற் பிரித்தனர். அவருள் எவரையும் ஒரு சொல் கேட்கவில்லை. தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினோர்க்கு நம் அரசு இட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்'. 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில், நீலமலையில், அவருட் பலர் குடியமர்த்தப்பட்டனர்.

தாயகம் திரும்பியோர்! அட்டனிலும் நுவரெலியாவிலும் பிறந்து, பாட்டன் வாய்ச்சொல்லாக மட்டுமே தமிழகத்தை அறிந்த பிள்ளை எங்கிருந்து எங்கே திரும்பியது? பிறந்த மண்ணை விட்டுப் புறப்பட்ட குழந்தையைத் திரும்பியது என்றெழுதிய பெயர் பொய்ப்பெயர் அன்றோ?

1982ஆம் ஆண்டு, நான் ஏழாம் வகுப்பிற் படித்தபோது, அவ்வாறு வந்த ஒருவன் என் பக்கத்தில் அமர்ந்தான். நாங்கள் அவனைச் 'சிலோன்காரன்' என்றே அழைத்தோம். அவன் பேச்சு எங்கள் பேச்சுப்போல் இல்லை என்று நகைத்தோம். ஒருநாள் அவன் சினமின்றிச் சொன்னான்: "அங்க எங்களக் கள்ளத்தோணின்னு சொன்னாங்க. இங்க சிலோன்காரன்னு சொல்றீங்க. எனக்கு அப்பா வச்ச பேரு ஒண்ணு இருக்கு." ஓராண்டு முழுதும் பக்கத்தில் அமர்ந்திருந்தும், அவன் தந்தை வைத்த அப்பெயரால் நான் அவனை அழைத்ததே இல்லை. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. தமிழ் தமிழ் என்று மேடைகளில் முழங்கிய நாள்களிலெல்லாம், தமிழ் பேசும் ஒரு பிள்ளையை அயலான் ஆக்கியவருள் நானும் ஒருவன் என்பது என் உள்ளத்தில் முள்ளாய் இருந்துவருகிறது. இடைப்பட்டார்க்கு நல்ல பெயரை நாம் தரத் தவறினால், அவ்விடம் வெறுமையாய் இராது. வசைப்பெயர் வந்து அமர்ந்துகொள்ளும்.

புள்ளியும் அரையும்

இனி விடைக்கு வருகின்றேன். கொரிய நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குச் சிறு அகவையிற் சென்றோர், தாம் முதல் தலைமுறையும் அல்லர், இரண்டாவதும் அல்லர் என்று கண்டு, இரண்டற்கும் நடுவே தம்மை எண்ணால் அமைத்துக்கொண்டனர். ஒன்று, புள்ளி, ஐந்து, தலைமுறை என்னும் நான்கு கொரியச் சொற்களின் கூட்டே அப்பெயர். குமுகவியல் அறிஞரும் அவ்வெண்ணை ஏற்றனர். கூபாவிற் பிறந்து அமெரிக்காவில் வாழும் அறிஞர் உரூபன் உரும்பாட்டு என்பார் 2004இல் அதனை இன்னும் நுணுக்கிப் பிரித்தார். ஆறு முதல் பன்னிரண்டு அகவைக்குள் வந்தவர் 1.5, ஐந்து அகவைக்குள் வந்தவர் 1.75, பதின்மூன்று முதல் பதினேழு அகவைக்குள் வந்தவர் 1.25. எத்தனை அகவையில் எந்த மொழி நாவில் ஊன்றியது, எந்நாட்டுப் பள்ளி வளர்த்தது என்பதைப் பொறுத்த பிரிவு அது. பொருத்தமான பிரிவே.

ஆனால் ஆங்கிலத்தில் இதனை ஒலிக்கும்போது 'ஒன்று புள்ளி ஏழு ஐந்து' என்று தொலைபேசி எண் சொல்வதுபோற் சொல்லவேண்டும். மாந்தரைப் புள்ளியிட்டு ஒலிப்பது செவிக்கு இனிதா? இதைப் படித்த அன்றிரவு நான் கைகொட்டி நகைத்தேன். விடை என் பாட்டனாரின் எண்சுவடியில் இருந்தது!

ஒன்றின் கூறுகட்கு நம் முன்னோர் முந்திரி வரை தனித்தனிப் பெயரிட்டனர். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு கூறு. அரை, கால், முக்கால், அரைக்கால், மாகாணி என்று ஒவ்வொன்றும் ஒரு சொல். அவற்றுக்கு எழுத்துக் குறியும் உண்டு. 2019ஆம் ஆண்டு அக்குறிகள் கணினியின் ஒருங்குறியிலும் இடம்பெற்றுவிட்டன. 1.25 என்பது ஒன்றேகால். 1.5 என்பது ஒன்றரை. 1.75 என்பது ஒன்றேமுக்கால். புள்ளியும் இல்லை, அயலெழுத்தும் இல்லை. பதினைந்து அகவையிற் சென்றவர் ஒன்றேகால் தலைமுறை. ஒன்பதிற் சென்றவர் ஒன்றரைத் தலைமுறை. மூன்றிற் சென்றவர் ஒன்றேமுக்கால் தலைமுறை. அறிஞர் அறையில் ஆய்ந்து பிரித்ததைக் கீரை விற்கும் அம்மை ஒரு நொடியில் ஒலித்துவிடுவார்.

ஒலிப்பில் வேறுபாடு வாராதா எனில், வரும். நாம் 'ஒண்ணரை' என்போம். யாழ்ப்பாணத்தார் 'ஒண்டரை' என்பர். எழுதும்போது இருவரும் ஒன்றரை என்றே எழுதுவோம். கன்று என்பதை நாம் கண்ணு என்பதும் அவர் கண்டு என்பதும் போன்றதே இது. ஒரு வேரிலிருந்து இரு கிளை. இருவருக்கும் பொருள் ஒன்றே. முன் காட்டிய 'எக்சு', 'இசட்' தடுமாற்றத்தோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே எழுத்து ஒன்றாய் இருக்க ஒலி தொடர்பின்றிப் போயிற்று. இங்கே ஒலி சற்று வேறாயினும் வேர் விடவில்லை.

குறையா, மிகையா?

'அரை என்றால் அரைகுறை என்றுதானே பொருள்படும்? ஒன்றரைத் தலைமுறை என்றால் வசைபோல் ஆகாதா?' என்று என் உடன்பணியாசிரியர் ஒருவர் தடை எழுப்பினார். நல்ல தடை. ஆனால் அரைகுறை வேறு, ஒன்றரை வேறு. அரைகுறை என்பது ஒன்றை எட்டாதது. ஒன்றரை என்பது ஒன்றை முழுதும் உடையது. அதன்மேல் அரையும் உடையது. படி அரிசி கேட்டவர்க்கு ஒன்றரைப் படி அளந்தால் குறைத்தார் என்று யாரேனும் சொல்வரோ? தாயின் மொழியை முழுதும் பெற்று, வளர்ந்த நாட்டின் மொழியையும் கைக்கொண்டவர் ஒன்றரை. வங்கியில் தாய்க்காகப் பேசியவர், மருத்துவரிடம் பாட்டிக்காகப் பேசியவர், பள்ளியில் தம்பிக்காகப் பேசியவர் எல்லாம் அந்த ஒன்றரையரே. பத்து அகவையில் ஒரு குடும்பத்தின் வாயாக நின்ற பிள்ளைக்கு மிகையான பெயரே தகும்.

ஒன்று மட்டும் எச்சரிப்பேன். பெயரைச் சூட்டும் உரிமை நமக்கில்லை. எடுத்து நீட்டும் உரிமையே உண்டு. ஏற்பதும் தள்ளுவதும் அதனைச் சுமப்போர் உரிமை. அதனை மறந்து நாம் இட்ட ஒரு பெயரால் என் பக்கத்து இருக்கைத் தோழனுக்கு நேர்ந்ததைக் கூறினேன்.

ஆகவே கனடாவுக்கு ஒரு மடல் எழுதினேன். "அம்மா, நூலகத்தில் நான் சொன்ன சொல் பிழை. உங்கட்குப் பொருந்துமாயின் ஒன்றரை என்பதைக் கொள்க, பொருந்தாவிடின் எனக்கு எழுதுக" என்றேன். இரண்டு திங்கள் கழித்து மறுமொழி வந்தது. அவர் மகள் ஆங்கிலப் பெயரைப் பள்ளியிலேயே அறிந்திருந்தாளாம், தாயிடம் சொன்னதுமில்லையாம். சொன்னாலும் எழுபத்தெட்டு அகவை நிறைந்த பாட்டிக்கு அது விளங்கியிராது. மடல் வந்த அன்று, உணவு மேடையில் மூவரும் அமர்ந்திருந்தபோது, அம்மையார் அதனை உரக்கப் படித்தாராம். பாட்டி கேட்டுவிட்டு, "அப்ப நான் ஒண்டு; நீ ஒண்டரை; இவள் இரண்டு. கணக்குச் சரிதான்" என்றாராம். அவ்வீட்டில் மூன்று தலைமுறையும் ஒரே சொல்லால் தம்மை எண்ணிக்கொண்டது அன்றுதான் முதன்முறை என்று எழுதியிருந்தார்.

அன்பர்களே! ஒரு பெயர் நல்லதா என்பதற்கு நான் கண்ட அளவுகோல் இதுதான். மூன்று தலைமுறையும் உட்கார்ந்து உண்ணும் இடத்தில் அப்பெயர் பாட்டியின் வாயிலும் பேர்த்தியின் வாயிலும் ஒருங்கே வழங்கவேண்டும். நடுவில் இருப்பவர் இருபுறமும் திரும்பி அதனைச் சொல்ல இயலவேண்டும். செய்தித்தாள் தரும் எழுத்துப் பெயர்கள் பேர்த்தியைப் பாட்டியிடமிருந்து பிரிக்கின்றன. ஒன்றரை என்னும் சொல் இருவரையும் சேர்க்கின்றது.

இங்குள்ள ஆசிரியப் பெருமக்கட்கு ஒரு வேண்டுகோள். காலும் அரையும் முக்காலும் வகுப்பறையில் வழக்கொழிந்து வருகின்றன; அவற்றைப் பிள்ளைகட்குச் சொல்லிக்கொடுங்கள். செய்தித்தாள்கட்கு எழுதும் இளைஞர்கட்கு ஒரு வேண்டுகோள். அயலெழுத்தை அப்படியே ஒட்டுமுன், அதனை உங்கள் பாட்டியிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அனைவர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியிலோ தெருவிலோ, வேறு நாட்டிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வந்து சேர்ந்த பிள்ளை ஒன்று இருக்குமாயின், அதன் ஊரைச் சொல்லி அழைக்காதீர்கள். தந்தையும் தாயும் வைத்த பெயரைக் கேட்டறிந்து அப்பெயரால் அழையுங்கள். நாற்பது ஆண்டுக்கு முன் நான் செய்யத் தவறியது அது.